தாத்தா காலத்துத் தோட்டாப் பெட்டி: வயதைக் கணிப்பதும், சுடலாமா என்று முடிவெடுப்பதும்

அமெரிக்காவில் பழைய வீடு ஒன்றைக் காலி செய்யும்போது, அலமாரியின் மேல்தட்டிலிருந்தோ நிலவறை மூலையிலிருந்தோ பாதி நிரம்பிய தோட்டாப் பெட்டிகள் வெளியே வருவது சகஜம். கூடவே இரண்டு கேள்விகளும் வரும். இது எந்தக் காலத்தது? இதைச் சுடலாமா? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதும் தானாகத் தீர்ந்துவிடும் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். தீராது. 1943இல் செய்து, உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் மூடியே கிடந்த தோட்டா இன்றைக்கும் ஒழுங்காக வெடிக்கும். 1995இல் வாங்கி, டெக்சஸ் வீட்டுப் பரணில் வருடா வருடம் கோடையில் வெந்த தோட்டா வெடிக்காமல் போகலாம். தாமதமாக வெடித்துக் கையையும் கண்ணையும் பதம் பார்க்கலாம். வயது நமக்குச் சொல்வது வேறு: உள்ளே இருக்கும் பிரைமர் (பொறி விடும் பாகம்) எந்த வகை, வெடிமருந்து எந்த வகை, எந்தத் துப்பாக்கியை மனதில் வைத்து நிரப்பினார்கள் என்பதை. அதற்காகத்தான் வயதைத் தேடுகிறோம். சுடலாமா வேண்டாமா என்பதைத் தோட்டாவின் உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம். உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமான பிறகு பெட்டியில் தோட்டா கிடைத்தால், அதை ஆராய உட்காராதீர்கள். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. தாமதிக்காமல் அதைச் செய்துவிடுங்கள். கீழே வருவது சட்டப்படி வைத்திருக்கவும் சுடவும் உரிமை உள்ளவர்களுக்கு. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கப் பெட்டிகளிலிருந்து.

பேச்சுக்கு வேண்டிய நாலு சொல்

தோட்டா என்பது நான்கு பாகம் சேர்ந்தது: பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுத்தியல் முள் அடித்ததும் பிரைமர் பொறி விடும், மருந்து எரியும், குண்டு கிளம்பும். .22 போன்ற சின்னத் தோட்டாக்களில் தனி பிரைமர் கிடையாது. பிரைமர் கலவை விளிம்புக்குள்ளேயே இருக்கும். அது ரிம்ஃபயர். நடுவில் வட்டமாகப் பிரைமர் தெரிந்தால் சென்டர்ஃபயர். கூட்டின் அடித்தட்டில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் இங்கே அடிமுத்திரை என்று சொல்கிறோம்.

பெட்டியைப் படிப்பது

தோட்டாவைக் கையில் எடுக்கும் முன் பெட்டியின் ஆறு பக்கத்தையும், மடிப்பு நாக்கின் உள்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டை திறந்து மூடும்போதே கிழியும், கிழிகிற இடம் பெரும்பாலும் எழுத்து உள்ள இடமாகவே இருக்கும்.

முதலில் முகவரியைப் பாருங்கள். இதைவிடச் சுலபமான தடயம் இல்லை. அமெரிக்க அஞ்சல் துறை 5 இலக்க ஜிப் குறியீட்டை 1963 ஜூலை 1 அன்று தொடங்கியது. பெட்டியில் ஜிப் இருந்தால் அது 1963க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒற்றை அல்லது இரட்டை இலக்கம் மட்டும், ‘பிரிட்ஜ்போர்ட் 2’ என்பதுபோல் இருந்தால், அது 1943இல் வந்த அஞ்சல் மண்டல எண். 1943க்கும் 1963க்கும் இடைப்பட்ட பெட்டி என்று கொள்ளலாம். பட்டைக்குறியீடு கடைகளில் முதன்முதலில் வருடப்பட்டது 1974இல். ஆகவே அந்தக் கோடுகள் இருந்தால் எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. கோடுகள் இல்லை என்பதை மட்டும் வைத்துப் பழையது என்று முடிவு கட்டக் கூடாது.

அடுத்தது நிறுவனத்தின் முழுப் பெயர். விற்கப்பட்டும் இணைக்கப்பட்டும் பெயர் மாறிக்கொண்டே வந்ததால், பொடி எழுத்தில் உள்ள ஒரு வரி பத்தாண்டுக் கணக்கைச் சொல்லிவிடும். வின்செஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் இருந்த அந்த நிறுவனத்தை, இல்லினாய் மாநிலம் ஈஸ்ட் ஆல்டனில் இருந்த வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனி 1931 டிசம்பரில் வாங்கியது. ‘வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனியின் பிரிவு’ என்று இருந்தால் முப்பதுகளிலிருந்து 1944 வரை. ‘ஓலின் இண்டஸ்ட்ரீஸ்’ என்றால் 1944 முதல் 1954 வரை. ‘ஓலின் மாத்தீசன்’ என்றால் 1954 முதல் 1969 வரை. வெறும் ‘ஓலின் கார்ப்பரேஷன்’ என்றால் 1969க்குப் பின். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் கையில் வரும் வின்செஸ்டர், வெஸ்டர்ன் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை நின்ற இடத்திலேயே வகைப்படுத்திவிடலாம்.

ரெமிங்டன் பக்கம் போனால், யூ.எம்.சி. (யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் என்ற தோட்டா நிறுவனம்) என்று மட்டும் இருப்பது இரண்டும் இணைந்த 1911-12க்கு முந்தையது, ‘ரெமிங்டன்-யூ.எம்.சி.’ அந்த இணைப்புக்குப் பிந்தையது. டூபாண்ட் என்ற ரசாயன நிறுவனம் 1933இல் ரெமிங்டனைத் தன் கைக்குள் கொண்டுவந்து 1993இல் விற்றது. டூபாண்டின் நீள்வட்டச் சின்னம் பெட்டியில் இருந்தால் இந்த அறுபது ஆண்டுக்குள் தேடுங்கள். ஒஹையோவின் கிங்ஸ் மில்ஸில் தனியாக இயங்கிய பீட்டர்ஸ் கம்பெனியை ரெமிங்டன் 1934இல் வாங்கியது. ரெமிங்டன் ஆலை உள்ள ஆர்கன்சாவின் லோனோக் ஊர்ப்பெயர் இருந்தால் 1969க்கு முந்தையதல்ல.

சரக்குப் பெயரும் உதவும். வெஸ்டர்னின் ‘சூப்பர்-எக்ஸ்’ 1922இல் வந்தது, ரெமிங்டனின் ‘க்ளீன்போர்’ 1926இல், ‘கோர்-லாக்ட்’ குண்டு 1939இல். ஆனால் இவை கீழ் எல்லையைத்தான் சொல்லும். கோர்-லாக்ட் இன்றும் விற்கிறது.

பெட்டியின் அமைப்பையும் கவனியுங்கள். மூடி தனியாக, அடி தனியாக, மேலே காகிதம் ஒட்டிய இரண்டு துண்டுப் பெட்டிகள் பொதுவாக இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பழக்கம். இரு முனையிலும் நாக்கு மடிந்து மூடும் ஒற்றை அட்டைப் பெட்டிகள் பிந்தையவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்து வின்செஸ்டர் சீட்டுகளில் மாதமும் ஆண்டும் ‘9-15’ என்பதுபோல் பொடியாக அச்சிட்டிருப்பார்கள். அது அந்தச் சீட்டைத் திருத்தி அச்சிட்ட தேதி, தோட்டாவை நிரப்பிய தேதி அல்ல. அச்சிட்ட சீட்டு தீரும்வரை ஒட்டியிருப்பார்கள் என்பதால் தோட்டா அதைவிட ஓரிரு ஆண்டு இளையதாக இருக்கலாம்.

பெட்டியை நம்பி உள்ளிருப்பதை நம்பாதீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். நல்ல பெட்டியை யாரும் தூக்கிப்போடுவதில்லை. வேட்டை முடிந்து சட்டைப் பையில் மிஞ்சியதை, கடையில் உதிரியாக வாங்கியதை, வீட்டில் மறுபடி நிரப்பியதை எல்லாம் அதே பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு தோட்டாவையும் வெளியே எடுத்து, அடி மேலே தெரியும்படி வரிசையாக அடுக்குங்கள். எல்லா அடிமுத்திரையும் ஒன்றா? பிரைமரின் நிறம் ஒன்றா, செம்பு நிறத்துக்கு நடுவே வெள்ளி நிறம் ஒன்றிரண்டு கலந்திருக்கிறதா? குண்டின் நுனி வடிவம் ஒன்றா? குண்டு உட்கார்ந்திருக்கும் ஆழம் ஒன்றா?

ஒன்று வேறாக இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைச் சந்தேகத்தோடு பாருங்கள். பல வேறாக இருந்தால் அது யாரோ வீட்டில் நிரப்பிய சரக்கு என்று வையுங்கள். அடுத்தவர் நிரப்பிய தோட்டாவை, அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், சுடக் கூடாது. எந்த மருந்து, எத்தனை கிரெயின் எடை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். குறிப்புச் சீட்டு இருந்தாலும் அது அந்தப் பெட்டிக்குத்தான் எழுதியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

வணிகத் தோட்டாக்களில் அடிமுத்திரை ஆண்டைச் சொல்லாது, ஆனால் காலத்தைச் சொல்லும். ‘ரெம்-யூ.எம்.சி.’ என்றால் 1911க்கும் சுமார் 1960க்கும் இடையில். ‘ஆர்-பி’ (ரெமிங்டன்-பீட்டர்ஸ்) என்றால் சுமார் 1960க்குப் பின். க்ளீன்போர் என்று எழுதிய முப்பதுகளின் பெட்டிக்குள் ‘ஆர்-பி’ தோட்டா கிடந்தால் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ராணுவத் தோட்டாவில் ஆண்டு நேரடியாக இருக்கும்

அமெரிக்க ராணுவத் தோட்டாவின் அடியில் ஆலை எழுத்தும் ஆண்டின் கடைசி இரு இலக்கமும் இருக்கும். எல்.சி. என்றால் மிசூரியின் லேக் சிட்டி, எஃப்.ஏ. என்றால் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ஃபர்ட் ஆர்சனல், டி.டபிள்யூ. என்றால் ட்வின் சிட்டீஸ், எஸ்.எல். என்றால் செயின்ட் லூயிஸ். சிலவற்றில் வெறும் ‘4’ மட்டும் இருக்கும்; அது 1944. பிற்காலத் தகரப் பெட்டிகளில் உள்ள லாட் எண்ணில் (ஒரே தொகுதியாகச் செய்த சரக்குக்கு இடும் எண்) ஆலை எழுத்துக்கு அடுத்து இரு இலக்க ஆண்டு, அதற்கடுத்து மாதத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து. ஏ ஜனவரி, எம் டிசம்பர்; எண் ஒன்றோடு குழம்பும் என்பதால் நடுவில் ஐ-யை விட்டுவிடுவார்கள்.

பிரிட்டிஷ் .303 தோட்டாவிலும் ஆண்டு உண்டு. கே-க்கும் எஃப்-க்கும் நடுவே அம்புக்குறி இருந்தால் அது புனேக்கு அருகிலுள்ள கிர்க்கியில் செய்தது. அடியில் ‘இசட்’ எழுத்து இருந்தால் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து; இல்லையென்றால் பெரும்பாலும் நூடுல்ஸ் துண்டுபோல நீளநீளமாகக் கிடக்கும் கார்டைட் என்ற பழைய மருந்து. கார்டைட் அதிகச் சூட்டில் எரிந்து குழலைச் சீக்கிரம் தேய்க்கும்.

சோவியத் தோட்டாவில் மேலே ஆலை எண், கீழே ஆண்டு. 1952 முதல் 1956 வரை மட்டும் ஆண்டுக்குப் பதில் ஒரு ரஷ்ய எழுத்து இருக்கும்.

பிரைமர்: வயதைத் தேடியதன் பயன் இங்கேதான்

பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். ஈரப்பதம் மிகுந்த ஊரில் ஒரே இரவில் குழலுக்குள் செந்துரு பூத்துவிடும். சுடுவதற்கு இதனால் ஆபத்து இல்லை; சுட்டபின் கழுவாவிட்டால் துப்பாக்கி போச்சு.

வணிகச் சரக்கில் ரெமிங்டன் 1926இல் க்ளீன்போர் மூலம் இதை மாற்றியது. மற்றவர்களும் அடுத்த சில ஆண்டுகளில் ‘ஸ்டெயின்லெஸ்’, ‘ரஸ்ட்லெஸ்’, ‘நான்-கரோசிவ்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்றார்கள். அந்தச் சொற்களில் ஒன்றும் இல்லாத, இருபதுகளுக்கு முந்தைய பெட்டி என்றால் துருப்பிடிக்க வைக்கும் பிரைமர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ராணுவம் மட்டும் பழையதை விடவில்லை. நெடுங்காலம் கிடங்கில் கிடந்தாலும் நிச்சயம் வெடிக்கும் என்ற நம்பிக்கை குளோரேட் பிரைமருக்குத்தான் இருந்தது. அதனால் இரண்டாம் உலகப் போர்க்கால .30-06 ரைபிள் தோட்டாக்கள், .45 பிஸ்டல் தோட்டாக்கள் எல்லாம் துருப்பிடிக்க வைப்பவை. ஐம்பதுகளின் முதல் பாதியில் ஆலை ஆலையாக மாறினார்கள். எம்1 கார்பைன் என்ற சின்ன ராணுவ ரைபிளின் .30 தோட்டா விதிவிலக்கு. அமெரிக்காவில் செய்தது எல்லாமே ஆரம்பத்திலிருந்தே துருப்பிடிக்காத வகை. .30-06இல் 1957க்கு முந்தைய எதையும், அதிலும் ஃபிராங்க்ஃபர்ட் ஆர்சனலின் போட்டித் தோட்டாக்களை, துருப்பிடிக்க வைப்பதாகவே கருதிக் கழுவிவிடுவது நல்லது. தேவையில்லாமல் கழுவினால் பத்து நிமிடம்தான் போகும்.

கழுவுவது எண்ணெயால் அல்ல, தண்ணீரால். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் பூசினால் உப்பை மூடி வைத்தது போலாகும். சுட்ட அன்றே, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) பக்கத்திலிருந்து புனல் வைத்து நல்ல சுடுநீரைக் குழல் வழியாக ஊற்றுங்கள். போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) முகத்தையும், தானியங்கித் துப்பாக்கியானால் வாயு பிஸ்டனையும் சேர்த்துக் கழுவ வேண்டும். பிஸ்டனை மறப்பவர்கள்தான் அதிகம். உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, வழக்கமான கரைப்பானால் துடைத்து, அதன்பிறகு எண்ணெய். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள். பழுப்பு வந்தால் மறுபடி கழுவல்.

எந்த வகை என்று தெரியாத லாட்டுக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு தோட்டாவின் குண்டையும் மருந்தையும் நீக்கி, பிரைமர் மட்டும் உள்ள கூட்டைத் துப்பாக்கியில் வையுங்கள். எண்ணெய்ப் பசை போகத் துடைத்த, பளபளப்பான இரும்புத் தகட்டைக் குழல் வாய்க்குச் சில அங்குலம் முன்னே நிறுத்திச் சுடுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்போடு, சுடுதளத்தில் செய்யும் வேலை இது. அந்தத் தகட்டையும் சுடாத இன்னொரு தகட்டையும் ஈரமான அறையில் இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் தகடு மட்டும் துருவேறினால் விடை கிடைத்துவிட்டது. துப்பாக்கியைக் கழுவுவதும் மறக்க வேண்டாம்.

தோட்டாவின் உடம்பு

இனி பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் போதும்.

கழுத்தில், அதாவது குண்டைப் பிடித்திருக்கும் இடத்தில், முடி கனத்தில் நீளவாக்கில் கோடு தெரிகிறதா? அது விரிசல். பித்தளையை இழுத்துக் குறுக்கும்போது உலோகத்தில் தங்கிவிடும் இறுக்கம் காலப்போக்கில் இப்படி வெளியே வரும். அமோனியா பட்டால் வேகம் கூடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கியிருந்த ராணுவத் தோட்டாக்கள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரின் அமோனியாவும் ஈரமும் பித்தளையின் உள் இறுக்கமும் சேர்ந்த வேலை என்று 1921இல் விளக்கம் வந்தது. பண்ணை வீட்டுத் தொழுவத்திலோ கோழிக்கூண்டுக்கு அருகிலோ கிடந்த பெட்டியை இந்தக் கண்ணோடு பாருங்கள். விரிசல் கண்ட தோட்டாவைச் சுடாதீர்கள். இருபதில் மூன்று நான்கு அப்படி இருந்தால் மொத்த லாட்டையும் விட்டுவிடுங்கள், மற்றவை அடுத்து விரிசல் விடக் காத்திருப்பவை.

களிம்பு வேறு விஷயம். மங்கிய பழுப்பு நிறம் பித்தளையின் இயல்பு. ஒன்றும் செய்ய வேண்டாம். தோல் உறை, தோல் இடுப்புவாரில் செருகியிருந்த தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறும், தோல் பதனிடும் அமிலம் செய்யும் வேலை அது. உலர்ந்த முரட்டுத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறை மட்டும் நின்றால் பாதகமில்லை. துடைத்த இடம் நகத்துக்குக் குழியாகத் தட்டுப்பட்டால் உலோகம் போய்விட்டது, ஒதுக்குங்கள். குண்டு கூட்டுக்குள் நுழையும் விளிம்பிலிருந்தும் பிரைமரைச் சுற்றியும் பச்சை கசிந்திருந்தால் இன்னும் மோசம், உள்ளேயிருந்து வருகிறது என்று பொருள்.

பளபளக்க வேண்டும் என்று புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். பாலிஷ் பலவற்றில் அமோனியா இருக்கிறது. எண்ணெயும் தெளிக்காதீர்கள், பிரைமர் ஓரமாக உள்ளே இறங்கி அதைக் கெடுக்கலாம்.

மோப்பமும் ஒரு கருவி. நல்ல மருந்துக்கு ஈதர், சாராய வகைக் கரைப்பானின் லேசான வாசம் இருக்கும். கெட்டுப்போன மருந்து மூக்கைக் குத்தும் அமில வாடை அடிக்கும். நைட்ரோசெல்லுலோஸ் மெதுவாகச் சிதைந்துகொண்டேதான் இருக்கும். அதில் கலந்த டைஃபினைலமைன் போன்ற நிலைநிறுத்தி, வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்து வைக்கிறது. வெப்பம் கூடக்கூடச் சிதைவு வேகமெடுத்து நிலைநிறுத்தி தீர்ந்துபோகும். அதன்பிறகு அமிலம் கூட்டை உள்ளிருந்து அரிக்கும். பரணில் கிடந்த பெட்டிக்கும் கார் டிக்கியில் வருடக்கணக்காகக் கிடந்த பெட்டிக்கும் இதுதான் நடக்கிறது. பெட்டியைத் திறந்ததும் அமில வாடை வந்தால் மேற்கொண்டு பரிசோதனை வேண்டாம். வெள்ளத்தில் மூழ்கியதும் தீ விபத்தில் சூடேறியதும் வெளியே எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுடத்தக்கவை அல்ல.

பழைய .22 ஈயக்குண்டுகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈயக் கார்பனேட், நச்சு. கையுறை போடுங்கள், ஊதாதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பிரித்துப் பார்ப்பது

வெளிப்பார்வையில் தேறிய சென்டர்ஃபயர் லாட்டில், இருபதுக்கு இரண்டு மூன்றைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மறுநிரப்புக் கருவி இருப்பவர்களுக்குக் காலெட் வகைப் பிடுங்கி (குண்டைக் கவ்வி இழுப்பது) பாதுகாப்பானது. சுத்தியல் வகையும் (தட்டி உதிர்ப்பது) ஆகும். ரிம்ஃபயர் தோட்டாவை மட்டும் சுத்தியலில் போடவே கூடாது; அடி விளிம்பில் பட்டால் கையிலேயே வெடிக்கும்.

மருந்து உதிரியாகக் கொட்ட வேண்டும். கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால், செந்துரு நிறத் தூசு எழுந்தால், கூட்டின் உள்சுவர் பச்சையாக இருந்தால் அத்தோடு முடிந்தது. குண்டு எத்தனை சிரமத்தில் வெளியே வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் குண்டும் கழுத்தும் உலோகத்தோடு உலோகமாக ஒட்டிக்கொள்ளும், சுடும்போது அழுத்தம் எகிறும். 1921இல் கேம்ப் பெர்ரி தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிக்காக ஃபிராங்க்ஃபர்ட் ஆர்சனல் வெள்ளீயம் பூசிய குண்டுகளைப் போட்டது. பூச்சு கழுத்தோடு பற்றவைத்ததுபோல் இறுகிக்கொண்டது. வழக்கம்போலக் குண்டில் கிரீஸ் தடவிச் சுட்டவர்களின் ரைபிள்கள் சில உடைந்தன. வெள்ளி நிறக் குண்டு உள்ள அந்தக் காலத்துப் போட்டித் தோட்டா கிடைத்தால் அதைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள்.

எடை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய ரைபிள் தோட்டாவில் மருந்தே இல்லாத ஒன்று எடையில் மாட்டும். பிஸ்டல் தோட்டாவில் மருந்து ஐந்து கிரெயின் அளவுதான். கூட்டுக்குக் கூடு எடை வேறுபாடே அதை விழுங்கிவிடும். எடையை நம்பி எதையும் தேறியதாகச் சொல்ல முடியாது.

சரியான தோட்டா, தவறான துப்பாக்கி

நல்ல நிலையில் உள்ள தோட்டாவும் பொருந்தாத துப்பாக்கியில் ஆபத்து. பழைய பெட்டிகளில் இது மிக அதிகம், ஏனெனில் ஒரே பெயரில் இரண்டு அழுத்தத்தில் விற்றார்கள். .44-40, .38-40, .32-20 பெட்டிகளில் ‘ஹை வெலாசிட்டி’ என்று இருந்தால் அவை வின்செஸ்டர் 1892 போன்ற வலுவான ரைபிள்களுக்கானவை. 1873 ரைபிளிலும் பழைய ரிவால்வர்களிலும் சேம்பருக்குள் அழகாக நுழையும், நுழைந்துவிடுவதுதான் ஆபத்து. பெட்டியின் பக்கவாட்டில் எந்த மாடலுக்கு என்று எழுதியிருப்பார்கள், அந்தப் பொடி வரியைப் படிக்காமல் விடாதீர்கள்.

.303 பிரிட்டிஷும் .303 சாவேஜும் வெவ்வேறு தோட்டாக்கள். .38 எஸ் அண்ட் டபிள்யூவும் .38 ஸ்பெஷலும் அப்படியே. ஜெர்மானிய 8 மி.மீ. மவுசரில் பழைய குழல் .318 அங்குலக் குண்டுக்கானது, பின்னர் வந்தது .323. பழைய வேட்டை ரைபிளில் தடித்த குண்டைச் சுட்டால் அழுத்தம் எகிறும். குழலை அளந்து பார்க்காமல் தொடக் கூடாது.

ஷாட்கன் தோட்டாவுக்குச் சுருக்கமாக: ரெமிங்டனின் பிளாஸ்டிக் கூடு 1960இல் வந்தது, அதற்கு முன் காகிதக் கூடுதான். ஆனால் காகிதக் கூடு பிறகும் செய்யப்பட்டதால் காகிதம் என்றால் பழையது என்று சொல்ல முடியாது. காகிதம் ஈரம் குடித்து உப்பியிருந்தால் சேம்பரில் நுழையாது, திணிக்காதீர்கள். மெழுகு காய்ந்து உலர்ந்திருந்தால் அடியோரம் எரிந்து பிய்ந்து குழலில் தங்கும். பழைய 16 கேஜ் (ஷாட்கன் குழல் அளவு) துப்பாக்கிகள் பலவற்றின் சேம்பர் 2 9/16 அங்குலம். 2 3/4 அங்குலத் தோட்டா உள்ளே போகும், வாய் விரியத்தான் இடமிருக்காது. டமாஸ்கஸ் குழல் (பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த பழைய குழல்) துப்பாக்கியில் புகையில்லா மருந்துத் தோட்டாவே வேண்டாம்.

சுடுவது என்று முடிவானால்

அதற்கு முன் விலையைக் கேளுங்கள். முத்திரை உடையாத பெட்டி, முழு எண்ணிக்கை உள்ள இரண்டு துண்டுப் பெட்டி, வழக்கொழிந்த காலிபர் ஆகியவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் புதுத் தோட்டா விலையைப் போலப் பல மடங்கு கொடுப்பார்கள். உடையாத முத்திரையை ஆர்வத்தில் உடைக்க வேண்டாம்.

சுடுவதற்கு போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுப்பது) அல்லது ஒற்றைத் தோட்டா ரைபிளை எடுங்கள், தானியங்கி வேண்டாம். கண்ணாடி, காதடைப்பான் கட்டாயம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிரப்ப வேண்டும். ஐந்து சுட்டுப் பார்த்து முடிவெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு காலிக் கூட்டைப் பாருங்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். அதற்குள் திறந்தால், தாமதித்து வெடிக்கும் தோட்டா பாதி வெளியே வந்த நிலையில் முகத்துக்கு நேரே வெடிக்கும். ‘டிக்’ என்று முள் அடித்து ஒரு கணம் கழித்து வெடித்தால் அந்த லாட்டின் பிரைமரோ மருந்தோ கெட்டுவிட்டது, அங்கேயே நிறுத்துங்கள். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக, உதைப்பு மெதுவாக இருந்தால் குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததை வைத்தால் குழல் வெடிக்கும்.

கூட்டில் கழுத்து ஒன்றிரண்டு கிழிந்தால் அது பழைய பித்தளையின் குணம். கூடிக்கொண்டே போனால் நிறுத்த வேண்டியதுதான். உடம்பில் நீளக் கிழிசல், அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளக்கும் வளையம், பிரைமரில் ஓட்டை ஆகியவற்றில் எது ஒன்று தென்பட்டாலும் மிச்சத்தைச் சுடக் கூடாது. ஐந்தும் ஒழுங்காக வெடித்தாலும் பழைய சரக்கை இலக்குப் பயிற்சிக்கு மட்டும் வையுங்கள். வேட்டைக்கும் தற்காப்புக்கும் புதியது வாங்குங்கள்.

ஒதுக்கியவை

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், புதைக்காதீர்கள், நெருப்பில் இடாதீர்கள். எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பது நம்பத்தக்கதல்ல. மாதக்கணக்கில் ஊறியும் வெடித்தவை உண்டு. சுடுதளங்களில் வெடிக்காத தோட்டாவைப் போட தனி டப்பா வைத்திருப்பார்கள், அங்கே கொடுக்கலாம். அளவு அதிகமென்றால் உள்ளூர்க் காவல் துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ முதலில் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போக வேண்டாம். அமில வாடை அடிக்கும் பெட்டியை வீட்டுக்குள் வைக்காமல், நிழலான வெளியிடத்தில், மற்றத் தோட்டாக்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டு அழையுங்கள்.

காலி அட்டைப் பெட்டியை மட்டும் எறிய வேண்டாம். எழுத்துத் தெளிவாக உள்ள பழைய பெட்டிக்குத் தோட்டா இல்லாமலே வாங்க ஆள் இருக்கிறது.